பீரோவை நகர்த்தச் சொல்பவர்

"இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்தணுமே" என்கிறார் சிம்னியம்மா.

கூடத்தில் குளிர்காய இருக்கும் கணப்பைச் சுத்தம் செய்யத்தான் அவரை வரச்சொல்லியிருந்தார்கள். கணப்புக்கு முன்னால் பழைய போர்வையை விரித்து, நாற்காலிகளை ஓரங்கட்டி, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வீட்டுக்காரம்மா தயாராக நின்றார். வந்தவரோ கணப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மாடி ஏறிப் படுக்கையறைக்குள் புகுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பீரோவின் முன் நிற்கிறார்.

"சிம்னி கீழ இருக்குங்க."

"அடுப்புதான் கீழ இருக்கு. சிம்னி இங்கதான் இருக்கு." விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுகிறார். "புகை இந்தச் சுவருக்குள்ளாற தான் மேல போவுது. இந்தக் கட்டில்ல யாரு படுக்கறது?"

"என் மாமியார்."

"அவங்களுக்கு அடிக்கடி தலைவலி வருதா?"

வீட்டுக்காரம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "அவங்களுக்கு இல்ல. அவங்களால எனக்குத்தான்."

யாராக இருந்தாலும் இதற்குச் சிரித்திருப்பார்கள். சிம்னியம்மா சிரிக்கவில்லை. "அவங்க வெளியூர் போனா உங்க தலைவலி போயிடுதா, இல்ல நீங்க வெளியூர் போனாத்தான் போவுதா?" என்று முகத்தை மாற்றாமல் கேட்கிறார். வேடிக்கையாகச் சொன்னதற்கு ஏன் இப்படிக் குறுக்கு விசாரணை என்று வீட்டுக்காரம்மா விழிக்கிறார். பீரோ நகர்ந்தாக வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிடுகிறது.

அறுபதை நெருங்கும் வயது. குள்ளம், தோள் மட்டும் மூட்டை தூக்குபவர்களைப் போல் அகலம். ஆண்கள் போடும் தடித்த காற்சட்டை, முழங்கையில் ஒட்டுப்போட்ட சட்டை, நெற்றியை மறைத்து இறுக்கிக் கட்டிய தலைத்துணி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் கரி தங்கிவிடும். கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்தே, "முன்னாடி இருக்கறது நம்ம சிம்னியம்மா இல்ல?" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்.

கொத்தனாரிடம் சித்தாளாக இருந்து காரை குழைத்தவர் அவர். ஒருநாள் பலத்த காற்றில் கூரைமேல் ஏறக் கொத்தனார் தயங்கினார். இவர் கரணையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். அன்றைக்கு ஏறியவர் இன்னும் இறங்கவில்லை என்று அவருடைய கணவர் சொல்வார். அந்த மனிதர் வண்டி ஓட்டுகிறார், ஏணி பிடிக்கிறார். முழங்கால் உயரத்துக்குமேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் ஏணியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். "நீங்க கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பாத்துங்கறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?" என்று மேலேயிருந்து பதில் வரும்.

கூரைக்குப் போய்விட்டால் சிம்னியம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார். முதலில் புகைபோக்கியின் தலையில் தகரத் தொப்பி சாயாமல் இருக்கிறதா, அதற்குக் கீழே கம்பிவலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். வலை கிழிந்திருந்தால் உள்ளே காக்கைக் கூடு கட்டாயம். கூட்டைக் கலைக்கும்போது, "வாடகை குடுக்காம இருந்தது போதும், கிளம்பு" என்பார். குஞ்சு இருந்தால் மட்டும் கணப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று வீட்டாருக்கு உத்தரவு போட்டுவிட்டு, அவை பறந்த பிறகு வருவார். பிறகு செங்கல்லுக்கு நடுவே இருக்கும் காரையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். மாவாக உதிர்ந்தால் உதட்டைப் பிதுக்குவார். கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் வளைத்து அடித்திருக்கும் தகரப் பட்டை தூக்கிக்கொண்டிருந்தால், மழைத்தண்ணீர் எந்த அறையின் எந்த மூலையில் சொட்டும் என்று அங்கிருந்தபடியே கீழே கத்திச் சொல்வார்.

அதற்கப்புறம் துரட்டிபோல நீண்ட கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, நுனியில் முள்ளம்பன்றியைப் போன்ற உருண்டைத் தூரிகையை மாட்டி, மேலும் கீழும் தேய்ப்பார். கீழே விழும் கரியை அள்ளிப் பார்ப்பது வீட்டாருக்கு ஒரு பாடம். "பொடியா விழுந்தா பயமில்ல. பளபளன்னு தார் மாதிரி ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, இதுதான் தீப்பிடிக்கும். ஈர விறகைப் போட்டுப் போட்டு எரிச்சிருக்கீங்க." ஈர விறகை எரிப்பவர்கள்மேல் அவருக்கு அடங்காத கோபம். "பச்சை விறகைப் போட்டுட்டு, சிம்னி சரியில்லன்னு எனக்குப் போன் பண்றாங்க."

இவையெல்லாம் அந்தத் தொழிலில் இருக்கும் எவரும் செய்வதுதான். படுக்கையறைக்குப் போய் பீரோவை நகர்த்தச் சொல்வதும், யாருக்குத் தலைவலி என்று கேட்பதும் இவருடையவை. சில வீடுகளில் கோபித்துக்கொள்வார்கள். "கரி எடுக்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று ஒரு பெரியவர் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார். ஏணிக்காரக் கணவர் அப்போதெல்லாம் குறுக்கே வந்து, "அவ அப்படித்தாங்க, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று சமாளிப்பார். ஏன் அப்படி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சிம்னியம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. அக்காவும் அத்தானும் ஊரின் மறுகோடியில், பிறந்த வீட்டிலேயே இருந்தார்கள், தாயாரும் அவர்களோடுதான். செங்கல்லால் கட்டிய பழைய மாடிவீடு. கீழே கூடத்தில் கணப்பு. அதன் புகைபோக்கி மாடியில் தாயாரின் அறைச் சுவருக்குள் புகுந்து கூரையைத் தாண்டும். அத்தான் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குழாய், மின்கம்பி, கதவுக்கீல், கூரை ஓடு எதுவானாலும் தானே பார்த்துக்கொள்வார். வெளியாளைக் கூப்பிடுவது தனக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். புகைபோக்கியும் அதில் சேர்த்தி. கயிற்றில் கல்லையும் முள்கட்டையும் கட்டி மேலேயிருந்து இறக்கி, ஆண்டு தவறாமல் கரியை உருவி எடுத்துவிடுவார்.

"அத்தான், நான் ஒரு தடவை பாத்துடட்டுமா?" என்று இவர் ஒருமுறை கேட்டார்.

"ஏம்மா, உங்க அத்தானுக்குக் கை கால் விழுந்துபோச்சா?" என்று அத்தான் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார். சொந்த வீட்டில் கருவிப்பையோடு போய் நின்றால் குறை கண்டுபிடிக்க வந்ததாகிவிடும் என்று தோன்றியது. ஊரிலுள்ள புகைபோக்கியையெல்லாம் எட்டிப் பார்த்தவர், அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் கையை வீசிக்கொண்டு போனார்.

ஒரு குளிர்காலத்தில் தாயார் படுத்துவிட்டார். காலையில் எழுந்தால் தலைவலி, குமட்டல். நடந்தால் தடுமாற்றம். பேச்சு முன்னுக்குப் பின் முரணாகப் போனது. மருத்துவர் வயதைக் காரணம் சொன்னார். அக்கா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். புகை பட்டால் இருமுகிறாரே என்று சாதாரணக் கரியை நிறுத்திவிட்டுப் புகை வராத கரியாகத் தேடி வாங்கினார். அறை ஒரு நிமிஷம்கூடக் குளிரக்கூடாது என்று கணப்பை அணையவிடாமல் காத்தார். தாயார் நாளுக்கு நாள் மெலிந்தார்.

இளையவரான சிம்னியம்மா வருவார், கட்டிலுக்குப் பக்கத்தில் பீரோவில் சாய்ந்தபடி தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போகும்போது அவருக்கும் தலை விண்விண்ணென்று தெறிக்கும். "எங்க அக்கா மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தலைவலி வந்துடுதுங்க" என்று வண்டியில் கணவரிடம் சொல்வார். அவரும் ஆமாம் போடுவார். கூடப்பிறந்தவர்களுக்குள் இருக்கும் உரசல்தானே என்று இருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டும் என்று தாயாரை அழைத்துப் போனார். அங்கேதான் எல்லாம் தலைகீழானது. போன மறுநாளே தாயார் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த சில நாட்களில் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகனின் வண்டி ஓட்டும் லட்சணத்தைக் கேலி செய்தார். பழைய அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தாயாருக்குத் தன் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. "என் கட்டில்ல படுத்தாத்தான்டி எனக்குத் தூக்கம் வரும்" என்று பிடிவாதம் பிடித்துத் திரும்பிப் போனார். போன ஒரு வாரத்துக்குள் மறுபடியும் தலைவலி, குமட்டல், பிதற்றல். "அவ குடுக்கற தண்ணி கசக்குதுடி" என்று இளையவரின் காதில் ரகசியம்போலச் சொன்னார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

கூடத்தில் அத்தான் இருந்தார். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மாவும் இருந்தார். அக்கா தாயாருக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். இளையவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்:

"என் வீட்ல நல்லா எந்திரிச்சு நடந்தவங்க, உன் கைக்கு வந்ததும் எப்படிக்கா இப்படி ஆவாங்க? அம்மாவுக்கு என்னத்த குடுக்கற நீ?"

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பதில் இல்லாததால்தான் போகிறார் என்று இளையவர் நினைத்தார். பக்கத்து வீட்டம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஊர் முழுக்கப் பேச்சு பரவ அதிக நாள் ஆகவில்லை.

அந்தக் குளிர் முடிவதற்குள் தாயார் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது இளையவர் அக்காவைத் தாண்டிக்கொண்டு போனார். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். அதோடு சரி. அத்தானின் தலை முழுக்க வெளுக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

ஒரு குளிர்காலக் காலையில், கொட்டகையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் நிழல் தட்டியது. அத்தான். கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றார்.

"அவளுக்குத் தெரியாம வந்திருக்கேம்மா."

"உள்ள வாங்க அத்தான். என்ன ஆச்சு?"

"உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்ல. உங்க அம்மாவுக்கு வந்த மாதிரியே வருது. அதே தலைவலி, அதே குமட்டல். நேத்து என்னைப் பாத்து யாருன்னு கேட்டுட்டா." தொப்பியை மறுபடி கசக்கினார். "குடும்ப வியாதியோ என்னமோ. உனக்கும் வந்திருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"எப்ப இருந்து?"

"பின்னாடி ரூம்ல கூரை ஒழுகுதுன்னு அம்மா ரூமுக்கு மாறினா. அதுக்கப்புறந்தான்."

"நீங்க?"

"எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல. நான் கீழதான் படுக்கறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

கையிலிருந்த தூரிகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிம்னியம்மா அதைத் தொட்டியில் வைக்கவும் மறந்து நின்றார். அந்த அறை. அந்தச் சுவர். அம்மா அங்கே இருந்தால் நோய், அங்கே இல்லாவிட்டால் குணம். எந்த வீட்டில் யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் அரை நொடியில் பிடித்திருப்பார். இத்தனை வருஷம் இது ஏன் தன் புத்திக்கு எட்டவில்லை? அக்காவின் மேல் பழி போட்டுவிட்டதால் வேறெதையும் தேடத் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

"வண்டியை எடுங்க" என்று கத்தினார். எப்போதும் சாவியை வீடு முழுக்கத் தேடும் கணவர் அன்றைக்குச் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை யாரு கூப்பிட்டது?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"அடுப்பை அணைக்கறேன். நீ வெளிய வா. வந்துட்டு என்னை என்ன வேணாத் திட்டு" என்று சொல்லிக்கொண்டே இளையவர் நெருப்பை அள்ளி வெளியே கொட்டினார். வீட்டைக் காற்றாடத் திறந்துபோட்டார். அக்காவை ஏணிக்காரரும் அத்தானும் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் அது இருந்தது: கரி சரியாக எரியாவிட்டால் வருகிற, நிறமும் இல்லாத வாசனையும் இல்லாத நச்சு வாயு. முகத்தில் மூடி வைத்துப் பிராணவாயு கொடுத்து, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார்கள்.

"அப்போ எங்க அம்மாவுக்கும் இதானா டாக்டர்?" என்று சிம்னியம்மா கேட்டார்.

"இருந்திருக்கலாம். இப்ப எப்படிங்க சொல்றது?" என்றார் மருத்துவர். இல்லை என்று சொல்வாரென்று சிம்னியம்மா காத்துக்கொண்டு நின்றார். அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

தேறி வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "எனக்குக் காட்டு" என்பதுதான்.

சிம்னியம்மா கூரைமேல் ஏறிப் புகைபோக்கியின் வாயைச் சாக்கால் அடைத்தார். கீழே கணப்பில் சோதனைக்கான புகைவில்லை ஒன்றைக் கொளுத்திவைத்து, அதன் முகத்தைப் பலகையால் மூடினார். பிறகு மாடிக்குப் போய், கணவரும் தானுமாக பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் சுவர்ப்பூச்சு உப்பி, பழுப்பேறிக் கிடந்தது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், தலையணை உயரத்தில். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து நூல் நூலாகப் புகை வந்தது. அவசரமே இல்லாமல் வந்து, கட்டிலின் தலைமாட்டைத் தொட்டுக்கொண்டு பரவியது. முட்டி வலி வரும்வரை அத்தானின் முள்கட்டு உள்ளிருக்கும் கரியை ஆண்டுதோறும் எடுத்தது. செங்கல்லுக்கு நடுவே காரை அரித்துப்போனதை மேலேயிருந்து யாரால் பார்க்க முடியும்?

அக்கா விரிசலுக்கு எதிரே விரலை நீட்டிப் புகையை மறித்துப் பார்த்தார்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"ரொம்ப வருஷமாக்கா. காரை இவ்வளவு உதிர்றதுன்னா நேத்து இன்னைக்கு இல்ல."

"அம்மா இருந்தப்பவும்?"

"ம்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். "தூக்கம் கெட்டு எந்திரிச்சு எந்திரிச்சு கரி போட்டேன். அம்மாவுக்குக் குளிரக் கூடாதுன்னு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நல்ல கரியா, புகையில்லாத கரியா... புகை வந்திருந்தாலாவது தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"உன் தப்பு இல்லக்கா. பாக்க வேண்டியவ நான். இதே பீரோல சாஞ்சு உக்காந்திருந்தேன்."

"அதைச் சொல்லல நான்." அக்கா முதல்முறையாக நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தார். "நான் அம்மாவுக்கு ஒண்ணும் குடுக்கலைன்னு உனக்குத் தெரிய இந்தப் புகை வேண்டியிருந்துச்சு பாத்தியா?"

"நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ஒண்ணுமே சொல்லாம போயிட்டியே."

"நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் வேற சொல்லணுமாடி?"

ஏணிக்காரர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். கீழேயிருந்து அத்தான், "என்ன, தெரிஞ்சுதா? எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு அவருக்கும் சொன்னார்கள். அவர் பின்கட்டுக்குப் போய், கயிற்றை முள்கட்டிலிருந்து அவிழ்த்து, நெடுநேரம் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சிம்னியம்மா அந்த வீட்டுப் புகைபோக்கியைப் பழுதுபார்த்ததைப்போல் வேறு எதையும் பழுதுபார்த்ததில்லை. உதிர்ந்த காரையைக் கல் கல்லாகக் குடைந்தெடுத்துப் புதுச்சாந்து வைத்து அடைத்தார். மேலிருந்து அடிவரை உள்ளே எஃகுக் குழாயை இறக்கினார். இனி செங்கல் வெடித்தாலும் புகை குழாயை விட்டு வெளியே வராது. சுவரைப் பூசி, காயவிட்டு, மறுபடி புகைவில்லை கொளுத்திச் சோதித்தார். திருப்தி வராமல் இன்னொரு முறை சோதித்தார். கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்றாக வாயுவைக் கண்டால் அலறும் வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார். வேலை முடிகிறவரை அக்கா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். முன்பு அந்தக் கேள்வியைக் காதால் கேட்ட அதே பக்கத்து வீட்டம்மா, இப்போது தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம், "பாவம், அந்தப் பொண்ணு மேல வீண்பழி" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அந்தப் பொண்ணுக்கு அப்போது அறுபது வயது ஆகியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால் சிம்னியம்மா பேச்சை மாற்றிவிடுவார். போக்குவரத்து இருக்கிறது. குளிர் தொடங்கும் முன் ஆண்டுதோறும் போய்ப் புகைபோக்கியைப் பார்த்துக் கொடுக்கிறார். அக்கா வா என்கிறார், உட்கார் என்கிறார், தேநீர் தருகிறார். அத்தானின் முட்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறார்கள். சின்ன வயதில் ஒரு சீப்புக்காகத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உருண்டவர்கள், இப்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒருமுறை 'டி' போட்டுப் பேசியதோடு சரி, அப்புறம் அக்கா வாயில் அது வரவில்லை.

"என்னைத் திட்டித் தொலைச்சாலாவது தேவலைங்க. மரியாதையாப் பேசறா" என்பார் வண்டியில். ஏணிக்காரர் சாலையைப் பார்த்து ஓட்டுவார்.

மற்ற வீடுகளில்தான் அவருடைய வாய் நிற்பதில்லை. வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அழுத்தி அலறவிட்டுத் தொட்டில் குழந்தையை எழுப்பிவிடுவார். "கத்தட்டும். கத்தாத பொட்டியை வச்சு என்ன பண்றது?" கண்ணுக்குத் தெரிகிற புகையை அவர் மன்னித்துவிடுவார். "இருமிக்கிட்டு வெளிய ஓடி வந்துடுவீங்க. தெரியாம வர்றதுதான் ஆளைத் தூக்கும்." முதியவர்கள் படுத்திருக்கும் அறையில் எத்தனை கனமான பீரோவாக இருந்தாலும் நகர்த்தாமல் விடமாட்டார். பேச்சு குழறும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பார்த்துக்கொள்கிற மகளையோ மருமகளையோ தனியாகக் கூப்பிட்டு, "அவங்க உங்களைப் பத்தி ஏதாவது தப்பாச் சொன்னா மனசுல வச்சுக்காதீங்க" என்பார். சிம்னிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குப் புரியாது. அதற்குள் அவர் ஏணியில் பாதி ஏறியிருப்பார்.

இந்த ஆண்டும் அக்கா வீட்டு வேலை மதியத்துக்குள் முடிந்தது. வலை சரி. காரை சரி. கணப்பில் கொஞ்சம் கரி போட்டுப் பற்றவைத்ததும் புகை தயங்காமல் மேலே இழுத்துக்கொண்டு போனது. சிம்னியம்மா கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனார். அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை; பீரோவும் இல்லை. சுவரை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார். அது அலறி ஓய்ந்தது. செய்வதற்கு இனி எதுவும் இல்லை. ஆனாலும் ஜன்னலருகே போய், கொக்கியை எடுத்துக் கதவை ஒரு சாண் திறந்துவைத்தார்.

அக்கா தேநீரோடு படியேறி வந்து வாசலில் நின்றார்.

"சரியா இருக்குன்னியே?"

"இருக்குக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

குளிர்காற்று உள்ளே வந்தது. ஜன்னல் கதவு ஆடிச் சட்டத்தில் மோதியது. மறுபடி திறந்து, மறுபடி மோதியது. மூடச் சொல்வார் என்று தங்கை கொக்கியில் கை வைத்தார். அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து, கதவு மூடவும் மூடாமல் மோதவும் மோதாமல் இருக்கும்படி அந்த இடுக்கில் செருகினார்.